தண்ணீர் கொண்டு வந்த மாப்பிள்ளை

மனைவிக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிற கணவனுக்கு அந்த ஊர் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் ஆயுள் முழுக்க உள்ளேதான் இருந்திருப்பார். தெரியாத ஊரைத் தெரிந்த ஊர் போலக் காட்ட ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. பார்க்கிற எதுவும் பிடிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் ஒரு திறமை வேண்டும். அதில் எனக்கு நிகர் அன்றைக்கு மலாயா முழுவதிலும் யாரும் இல்லை. ஆக, பொருத்தம் பார்த்த ஜோசியரைக் குறை சொல்வதற்கில்லை.

அவர் அப்போது செனாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. (இன்றைக்கு விமானம் இறங்குகிறதே, அதே செனாய்தான். அன்றைக்கு அங்கே கொசுவைத் தவிர வேறு எதுவும் வானத்திலிருந்து இறங்கியதாக எனக்கு நினைவில்லை.) தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அதில் பெரிய கிராணி, சின்னக் கிராணி என்று இரண்டு உண்டு. இவர் சின்னவர். ஆனால் லீவு எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது அந்தச் ‘சின்ன’ கப்பலிலேயே எங்கேயோ விழுந்துவிட்டது. எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர் பேசிய பேச்சைக் கேட்டால், காலையில் இவர் போய் மணி அடிக்காவிட்டால் ரப்பர் மரத்தில் பாலே வராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதிலும் ஜொகூர் பாரு பட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவ்வளவுதான். சுல்தானே வழி தெரியாமல் இவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார் என்கிற மாதிரி இருந்தது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கல்யாணத்தையும் செய்து வைத்தார். ஆனால் கப்பல் ஏறும்போது கூடவே சித்தப்பாவையும் ஏற்றிவிட்டார்.

“நீ போய்ப் பாரு. மாப்பிள்ளை சொல்றதுல பாதியாவது நெசமான்னு பாரு. தையுவுக்குப் பிடிக்கலேன்னா கையோட கூட்டிக்கிட்டு வந்துடு. மாப்பிள்ளை இங்கேயே வந்து ஏதாவது வேலை தேடிக்கிடட்டும்.”

தையு என்றால் நான்தான், தையல்நாயகி. சித்தப்பாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. நிலம் உண்டு, கோபம் உண்டு, பித்தளைக் கூஜா ஒன்று உண்டு. வெளியூர்த் தண்ணீரைத் தொடமாட்டார். சிங்கப்பூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழர் வீட்டில் தங்கியிருந்தபோதும், தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, கூஜாவில் தானே ஊற்றித் திருகினால்தான் அவருக்கு நிம்மதி.

ஒரு காலைப் பொழுதில் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவில் வந்து இறங்கினோம். என் ட்ரங்குப் பெட்டியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு சித்தப்பா சொன்னார்:

“பெட்டி இங்கேயே கெடக்கட்டும். சாயங்காலம் இங்கேருந்து ரெண்டு வண்டி போவுதாம். ஒண்ணு செனாய்க்கு, ஒண்ணு திரும்பச் சிங்கப்பூருக்கு. ஊரைப் பார்ப்போம். பெட்டியை எதுல ஏத்தறதுன்னு தையு சொல்லட்டும்.”

இவர் சிரித்தார். “ஜொகூரைப் பாத்தப்புறம் திரும்பிப் போறதாவது, மாமா!”

என் பெட்டி எந்த வண்டியில் ஏறும் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. கப்பலில் வாந்தி எடுத்தே பாதி உயிர் போயிருந்தது. அம்மாவை நினைத்து அழுதே மீதியும் போயிருந்தது. சிங்கப்பூர் வண்டிதான். மாலை வரை சும்மா இவர் மனசு நோகாமல் கூட நடக்க வேண்டியதுதான் என்று இருந்தேன். (மனசு நோகாமல் என்பது நான் பின்னால் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு அப்படி ஒன்றும் எண்ணம் இல்லை.)

எங்கள் கோலத்தையும் சொல்லிவிடுகிறேன். இவர் வெள்ளை டிரில் சூட்டு, கழுத்தில் டை, தலையில் துரைமார் போடுகிற தொப்பி. காலில் புது பூட்சு, அடி எடுத்து வைத்தால் கீச்சென்று கத்தும். நான் கல்யாணப் பட்டு, ஒட்டியாணம், வங்கி, ஜடை பில்லை. கையில் அம்மா வாங்கிக் கொடுத்த புதுக் குடை. “ஊர் பாக்கணும்” என்று இவர் சொன்னதை, ஊர் என்னைப் பார்க்க வேண்டும் என்று நானாக அர்த்தம் செய்துகொண்டு பெட்டியிலிருந்த எல்லா நகையையும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் புழுக்கத்தில் அரை மணியில் பட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. சித்தப்பா ஜரிகை வேட்டி, கறுப்புக் கோட்டு, கூஜா.

இவர் முதலில் பாலத்தைக் காட்டினார்.

“கடலுக்குள்ள கல்லைக் கொட்டி ரோடும் ரயிலும் போட்டிருக்கான், பாத்தியா தையு! உலகத்துல வேற எங்கயாவது உண்டா?”

“ராமரு போட்டாரே” என்றேன்.

சித்தப்பா மீசைக்குள் சிரித்தார். இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு கடற்கரை. கடல் கடல் என்று கப்பல் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாரே, போய்ப் பார்த்தால் ஒரு அலை கிடையாது. இந்தப் பக்கம் ஜொகூர், எதிர்ப் பக்கம் சிங்கப்பூர், நடுவில் தண்ணீர் சும்மா படுத்துக்கிடக்கிறது. “எங்க ஊர்த் தெப்பக்குளத்துல இதைவிட அலை அடிக்கும்” என்றேன். குன்றின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பள்ளிவாசல் இருந்தது. உண்மையைச் சொன்னால், அவ்வளவு அழகான கட்டடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வாய் திறந்து சொல்வேனா? “சுண்ணாம்பு நல்லா அடிச்சிருக்காங்க” என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு நிஜமாகவே பிடித்தவை வேறு. மலாய்ப் பெண்கள் பூப்போட்ட கைலியும் நீளச் சட்டையுமாக, கலர் கலரான குடை பிடித்துக்கொண்டு, ஆண் துணை இல்லாமல் கடைத்தெருவில் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். மீன்காரனிடம் அவர்களே பேரம் பேசினார்கள். ஒரு சீனர் தோள் கம்பில் ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் பாத்திரமுமாக ஒரு முழுச் சமையற்கட்டையே தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் கண் முன்னால் இறக்கி, கொதிக்கிற குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி விற்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன்.

“அதையெல்லாம் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? வா, அரண்மனையைக் காட்டுறேன்” என்று இவர் இழுத்தார். எனக்குப் பிடித்ததெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் பெருமைப்பட்டதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லாமல் இருந்தது. இப்படியே ஊர் பார்த்தோம்.

அரண்மனைக்கு இரண்டு ரிக்ஷா பிடித்தார். ரிக்ஷாக்காரரிடம் மலாயில் நீளமாக ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு ஓட ஆரம்பித்தார். ஒரு மேட்டில் உயரமான மதிலுக்கு முன்னால் வண்டி நின்றது. இவர் இறங்கி, கையை விரித்து, “இதுதான் மாமா சுல்தான் அரண்மனை. உள்ளே எத்தனை ரூம்னு சுல்தானுக்கே தெரியாது” என்றார்.

சித்தப்பா மதிலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து, ஒரே மாதிரிச் சட்டை போட்ட ஆட்கள் தோளில் மண்வெட்டியோடு வரிசையாக வெளியே வந்தார்கள், முன்னும் பின்னும் வார்டர்.

“இளவரசர்களா, மாப்பிள்ளை?” என்று கேட்டார் சித்தப்பா.

இவர் ரிக்ஷாக்காரரைத் திட்டி அனுப்பினார். இனி நடந்தே போகலாம், நடந்து பார்த்தால்தான் ஊர் மனசில் நிற்கும் என்றார்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, போனால் முதலாளியே எழுந்து நின்று இலை போடுவார் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடையைத் தேடினோம். ஒரு தெருவுக்குள் போய் மறு தெரு வழியாக வந்தோம். அதே துணிக்கடையை மூன்றாம் முறை கடந்தபோது கடைக்காரர் எங்களுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாரிடமாவது வழி கேட்கலாமே என்றால், “என் ஊர்ல நான் வழி கேக்குறதா?” என்று ஒரே பிடிவாதம். கூஜாவில் தண்ணீர் தீர்ந்துபோனது. சித்தப்பா அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழுந்தது.

கடைத்தெரு முடிந்து தென்னை மரங்கள் வந்தன. மலாய்க்காரர்கள் குடியிருக்கிற கம்பம் அது. மரக்கால்களின் மேல் நிற்கிற பலகை வீடுகள். அதில் ஒரு வீட்டு முற்றத்தில் கீற்றுப் பந்தல் போட்டு, பாய் விரித்து, ஆண்கள் நாலு பேர் நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெய்ச்சோற்று வாசனை தெரு வரைக்கும் வந்தது. எங்களைப் பார்த்ததும் வாசலில் நின்ற ஒரு பெரியவர் மார்பில் கை வைத்து, “மக்கான், மக்கான்” என்று உள்ளே கூப்பிட்டார். மக்கான் என்றால் சாப்பாடு. அது எனக்குக்கூடக் கப்பலிலேயே தெரிந்துவிட்டது.

இவர் முகத்தில் உயிர் வந்தது. “இதோ! இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். மலாய் ஓட்டல். ரொம்பப் பேர் போன எடம்.”

“சைவக் கடைன்னீங்க?” என்றார் சித்தப்பா.

“கேட்டா சைவமும் போடுவாங்க மாமா.”

“மேசை நாக்காலி ஒண்ணையும் காணோமே?”

“நல்ல ஓட்டல்ல பாய்தான் மாமா. மேசையெல்லாம் மட்டமான கடையில.”

பசி வந்தால் நம்புவதற்கு எதுவும் கஷ்டமில்லை. ஆண்கள் இருவரும் பந்தலுக்குள் போனார்கள். என்னை ஒரு அம்மாள் கையைப் பிடித்து வீட்டுப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது வயது இருக்கும். பச்சைப் பட்டுச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை, கண் நிறையச் சிரிப்பு. ஓட்டலில் பெண்களுக்கு மாடியில் தனி இடம்! மன்னார்குடியில் எந்தக் காப்பிக் கிளப்பில் இந்த நாகரிகம் உண்டு? காலையிலிருந்து முதன்முறையாக எனக்கு இந்த ஊர் மேல் ஒரு மதிப்பு வந்தது.

மதிப்பு வந்தவுடன் மரியாதை போய்விட்டது. ஓட்டல் வேலைக்காரியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொண்டேன். குடையை மடக்கி அந்த அம்மாளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். படிக்குக் கீழே கால் கழுவத் தண்ணீர் ஜாடியும் அகப்பையும் இருந்தன. நான் பட்டுப் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்தால் ஒட்டியாணம் குத்தும் என்பதால், காலை மட்டும் நீட்டினேன். அந்த அம்மாள் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு அகப்பையில் மொண்டு என் காலில் ஊற்றினார். ஒரு காலில் ஊற்றியதும் நான் மறுகாலை நீட்டினேன். அதற்கும் ஊற்றினார்.

மேலே போனால் அறை நிறையப் பெண்கள். நடுவில் மெத்தை மேல் ஒரு சின்னப் பெண், தலை நிறையத் தங்கப் பூ, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவக்கச் சிவக்க மருதாணி. முதலாளி மகள்போல இருக்கிறது, நல்ல செல்லம் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன்.

“வாங்க லா, தள்ளி வந்து காத்தாட உக்காருங்க. ஊரு எங்க, நாகப்பட்டணமா?”

தமிழ்! திரும்பினால் ஒரு மலாய் அம்மாள்தான். அவர் பெயர் அலிமா. வீட்டுக்காரர் நாகூர்க்காரராம், கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். அலிமா அக்கா தமிழைப் புருஷனிடம் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்; அதனால் நல்ல வேகம் இருந்தது, பேச்சுக்குப் பேச்சு ஒரு மலாய் ‘லா’வும் இருந்தது.

“மன்னார்குடி. அக்கா, இந்த ஓட்டல்ல சைவம் கெடைக்குமா?”

“எந்த ஓட்டல்ல?”

“இங்கதான்.”

அலிமா அக்கா என்னைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். மெத்தையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டார்.

“அலமாக்! கடைன்னு நெனச்சா வந்தீங்க? கல்யாண வீடு லா இது! அதோ அது பொண்ணு. ஒங்களுக்குக் கால் கழுவத் தண்ணி ஊத்துனாங்கல்ல, அவங்க மாப்பிள்ளையோட அம்மா!”

எனக்கு அந்தப் பலகைத் தரை அப்படியே பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. (பிளந்திருந்தால் கீழே கோழிக்கூண்டில்தான் விழுந்திருப்பேன்.) மாப்பிள்ளையின் அம்மா! எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நாம்தான் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கல்யாணம் நின்றே போகிற அளவுக்குச் சண்டை வரும் விஷயம் அது. அந்த அம்மாளோ கதவோரமாக என் குடையைப் பத்திரமாகச் சாத்தி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எழுந்து ஓடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடி கீழே பந்தலில் இருந்த சித்தப்பா ஞாபகம் வந்தது. ஜெயிலை அரண்மனை என்று காட்டியதையே அவர் இன்னும் செரித்திருக்கமாட்டார். கல்யாண வீட்டுக்குள் ஓட்டல் என்று கூட்டிவந்து உட்கார வைத்தது தெரிந்தால், என் பெட்டி எந்த வண்டியில் ஏறும் என்று என்னைக் கேட்கவே மாட்டார். தாமே தூக்கி சிங்கப்பூர் வண்டியில் எறிவார்.

நல்லதுதானே? காலையிலிருந்து நான் வேண்டிக்கொண்டது அதைத்தானே? ஆனால் என் வாயில் வேறு என்னமோ வந்தது.

“அக்கா, சித்தப்பாவுக்குத் தெரியாம எப்படியாவது ரெண்டு பேரையும் சாப்பிட வெச்சு அனுப்பிடுங்க. எங்க வீட்டுக்காரர் மானம் போயிடும்.”

“மானமா? விருந்தாளி லா நீங்க” என்றார் அலிமா அக்கா. நாங்கள் மாமிசம் தொடமாட்டோம் என்று அவரிடம் சொன்னேன். அவர் கீழே சொல்லி அனுப்பினார். சற்று நேரத்தில் பந்தலில் இருந்த இருவர் முன்னாலும் மஞ்சள் புட்டரிசிச் சோறு, வாழைப்பழம், தேங்காய்ப் பலகாரம் என்று ஒரு தனித் தட்டு வந்தது. அப்பாடா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஷ்டப்பட்டுக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இவர் தட்டைப் பார்த்தார். பக்கத்துப் பாயில் இருந்த நாலைந்து கிண்ணங்களைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். ஓட்டல்காரன் நம்மைக் குறைத்துப் போடுகிறான், மாமனார் வீட்டு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார், சும்மா விடலாமா என்று அவர் மூளைக்குள் ஓடுவது மாடியிலிருந்தே தெரிந்தது.

பந்தல் வாசலில் ஒரு வாலிபன் நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தான். உடம்பு முழுக்கத் தங்க ஜரிகை, தலையில் மடிப்பு மடிப்பாக உயர்த்திக் கட்டிய பட்டுத் தலைப்பாகை, இடுப்பில் கத்தி. முந்தின நாள் சிங்கப்பூரில் வெள்ளைக்காரர் ஓட்டல் ஒன்றின் வாசலில் தலைப்பாகையும் ஜரிகையுமாக ஒரு ஆள் நின்றதை இவர் எதிர்ச் சாரியிலிருந்து பார்த்திருந்தார். அந்த ஞானம் இங்கே கைகொடுத்தது.

இரண்டு தட்டு தட்டினார் கையை. பந்தல் முழுவதும் திரும்பியது.

“ஏய்! இங்க வா! இதென்ன, மத்தவங்களுக்கு அத்தனை வகை, எங்களுக்கு இவ்வளவுதானா? போ, தண்ணி கொண்டா முதல்ல! ஆயர்! ஆயர்!” என்று தண்ணீருக்கு மலாயிலும் ஒரு அதட்டல். சொல்லிவிட்டு, சித்தப்பாவின் கூஜாவை எடுத்து அந்த வாலிபன் கையில் நீட்டினார்.

என் பக்கத்தில் அலிமா அக்கா, “மாப்பிள்ளை லா அது...” என்றார் மெதுவாக.

அந்த மாப்பிள்ளை கூஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நண்பன் ஒருவன் கையை நீட்டி வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. தானே போனான். ஜரிகை தரையில் புரள, ஒரு கையால் கத்தியைப் பிடித்துக்கொண்டு, ஆறவைத்த வெந்நீரைக் கூஜா நிறைய ஊற்றி, திரும்பி வந்து, முழங்காலை மடக்கி, சித்தப்பாவின் முன்னால் இரண்டு கையாலும் வைத்தான்.

சித்தப்பா மடமடவென்று குடித்தார். வெளியூர்த் தண்ணீர் தொடாதவர்தான். பட்டும் ஜரிகையும் போட்டவன் கொண்டு வந்தால் தண்ணீருக்கு ஆசாரம் கிடையாது போலிருக்கிறது. குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கு முதன்முறையாக மனம் குளிர்ந்து சொன்னார்:

“பரவாயில்லையே மாப்பிள்ளை! உங்களுக்கு இங்க இவ்வளவு செல்வாக்கா? நம்ம ஊர்க் கிளப்புல கூப்பிட்டா எவன் திரும்பிப் பாக்குறான்?”

இவர் நெஞ்சு இரண்டு அங்குலம் பெருத்தது. “நமக்குன்னா கொஞ்சம் பயம் உண்டு மாமா” என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டு ஆரம்பித்தது. பத்துப் பதினைந்து பேர் கையில் தட்டுப் பறைகளோடு பாடிக்கொண்டு வந்தார்கள். வீட்டின் முன்கூடத்துக் கதவுகளை அகலத் திறந்தார்கள். உள்ளே பட்டுத் துணியும் காகிதப் பூவுமாக ஒரு சிம்மாசனம். பெண்ணை அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். மலாய்க்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அந்த ஒரு நாள் ராஜா என்றே பெயராம். அந்த ராஜாவைத் தலைக்குமேல் குடை பிடித்து, கூட்டம் வழிவிட, சிம்மாசனத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய் அரிசி தூவி வாழ்த்தினார்கள்.

இவர் கையில் எடுத்த பலகாரம் வாய்க்குப் போகாமல் நின்றது.

சித்தப்பா நிதானமாகக் கூஜாவைத் திருகி மூடினார்.

“ஏன் மாப்பிள்ளை, உங்க ஓட்டல்ல சர்வரைச் சிம்மாசனத்துலயா உக்கார வெப்பாங்க?”

அதற்கு மேல் ஜன்னலில் நிற்க என்னால் முடியவில்லை. அலிமா அக்காவை இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன். இவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலில் எங்களைக் கூப்பிட்ட பெரியவர் முன்னால் போய் நின்றார். அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா. காலையிலிருந்து ஆறாகப் பெருகிய மலாய் இப்போது ஒரு சொட்டு வரவில்லை. கை கூப்பினார். பாவம், அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. காலையிலிருந்து ஒரு சூட்டையும் தொப்பியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தோன்றியது.

அலிமா அக்கா மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டல் என்று நினைத்த இடம் வந்ததும் பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டமே சிரித்தது. சிம்மாசனத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டிய மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. சடங்கு முடிந்ததும் அவன் ஏதோ சொல்லி அனுப்பினான். அலிமா அக்கா மொழிபெயர்த்தார்:

“காலையிலேருந்து எல்லாரும் என்னை ராஜா ராஜான்னு சும்மாவே நிக்க வெச்சுட்டாங்களாம். ஒரு வேலை குடுத்தது இந்தத் துவான், அதான் இந்த ஐயா, மட்டுந்தானாம். தண்ணி போதுமான்னு கேக்குறாரு.”

கிளம்பும்போது அவர்கள் கல்யாணத்துக்கு வந்த எல்லோருக்கும் கொடுப்பதுபோல் எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். குச்சியில் கட்டிய காகிதப் பூ, பூவுக்குள் அவித்த முட்டை. சித்தப்பா முட்டையைக் கையாலும் தொட்டதில்லை. மூன்றையும் இவரே பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தார். வழி முழுக்கப் பூட்சு மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

முதலில் வந்தது சிங்கப்பூர் வண்டி. சித்தப்பா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

“தையு, ஏத்தலாமா?”

நான் வாய் திறப்பதற்கு முன்னால் இவர் சொன்னார்: “போ தையு. மாமா செய்யறது சரிதான். எனக்கு இந்த ஊரே தெரியாது. தோட்டத்துச் சாமான் வாங்க ஒருதரம் வந்திருக்கேன், அவ்வளவுதான். கடைத்தெருவைத் தாண்டினதில்ல. நான் பெரிய கிராணியும் இல்ல, சின்னக் கிராணிதான்.”

“அதுவும் இல்லையா!” என்றார் சித்தப்பா.

மூன்று முட்டைப் பூவைப் பிடித்துக்கொண்டு, தொப்பி இல்லாத தலையோடு, வியர்த்து ஒழுக, அவர் நின்ற நிலை இருக்கிறதே, எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பொய்யெல்லாம் போன பிறகு மிச்சம் நின்ற அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் சித்தப்பா முன்னால் அதைச் சொல்ல முடியுமா? அந்தக் காலத்தில் புருஷனைப் பிடிக்கிறது என்று சொல்கிற பெண்ணுக்கு எங்கள் வீட்டில் பைத்தியத்துக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள்.

“சித்தப்பா, என் குடையை அந்த வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்” என்றேன்.

“குடை போனாப் போவுது. யாருகிட்ட குடுத்தே?”

“மாப்பிள்ளையோட அம்மாகிட்ட.” சொல்லத் தொடங்கியாயிற்று, இனி நிறுத்துவானேன்? “வேலைக்காரின்னு நெனச்சுக் குடையைக் குடுத்தேன். காலை நீட்டினேன். அவங்க தண்ணி ஊத்துனாங்க. ரெண்டு காலுக்கும். இவரு குடிக்கத்தான் தண்ணி கேட்டாரு சித்தப்பா.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார், வாயைப் பிளந்துகொண்டு. முதலில் சிரித்தது யார் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை வழக்கு உண்டு. நான் சித்தப்பா என்பேன். சித்தப்பா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வண்டியின் கார்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தியம்மாவை... காலுக்கு... அடிப் பாவி! உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயி மன்னார்குடியில எவன் தலையில கட்டறது? ரெண்டு பேரும் ஒரே தோட்டத்துல கெடங்க. மத்த ஊர்க்காரங்களாவது பொழைச்சுப் போகட்டும்.”

கூஜாவோடு அவர் மட்டும் சிங்கப்பூர் வண்டியில் ஏறிக்கொண்டார். பெட்டியும் நானும் செனாய் வண்டியில் ஏறினோம்.

குடையை வாங்கப் பல மாதம் கழித்துப் போனோம். அந்த அம்மாள் எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருந்தார். இந்தத் தடவை அவர் காலுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு காலை நீட்டினார். பிறகு குறும்பாகச் சிரித்துக்கொண்டு மறுகாலையும் நீட்டினார்.

எங்கள் வீட்டில் நடக்கிற கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக முதல் பந்திக்குப் போய், கூஜாவிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் மூத்த பெண் கல்யாணத்தில் ஆரம்பித்து வைத்தது. ஊற்றாத மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. புதிதாக வருகிற சம்பந்திகள் ஏன் என்று கேட்டால், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், யாராவது ஒரு பொடியன் பந்தியிலிருந்து கையைத் தட்டி, “ஏய், ஆயர்!” என்பான்.

போன கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இதைப் பார்த்து மெய்சிலிர்த்துப் போனார். இதெல்லாம் ராஜராஜ சோழன் காலத்துச் சம்பிரதாயம், இப்போது தஞ்சாவூர்ப் பக்கத்திலேயே அழிந்துவிட்டது, கடல் கடந்து வந்து நீங்கள்தான் காப்பாற்றுகிறீர்கள் என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். “ஆமாங்க. இந்த ஊர் சம்பிரதாயம் எல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்” என்றார்.